அப்பாவின் மிருதங்கமும் கப்பல் பயணமும்

கேள்வி: அப்பா அம்மாவின் 40ஆம் ஆண்டு திருமண நாளுக்காக, கிள்ளான் துறைமுகத்திலிருந்து புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் மூன்று இரவுக்கு இடம் பிடித்திருக்கிறோம். அப்பா தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரியம்மன் கோவில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு அவர்தான் மிருதங்கம். "கப்பலுக்கும் அது வரும்" என்று பிடிவாதமாக இருக்கிறார். நான்கு பேர் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் கணவர், "மாமா கஞ்சிராவைக் கொண்டு வரட்டுமே, சின்னதாக இருக்கும்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: கொண்டு வரட்டும் தங்கச்சி. ஆனால் கப்பல் கம்பெனி சரி என்று எழுத்தில் சொன்ன பிறகு.

முதலில் உங்கள் கூச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆலைச் சத்தத்திலேயே காலம் கழித்த ஒரு மனிதர், ஓய்வு நேரத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் வந்து இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹமுக்குத்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. அதே துறையிலிருந்து பேரப்பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் போகிறார் அப்பா. மிருதங்கம் கூட வந்தால் அவருக்கு அது நிறைவு. கப்பலில் வருகிறவர்களில் பலர் இந்த வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்த்தே இருக்கமாட்டார்கள். பார்க்கட்டும்.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. வாத்தியம் கொண்டுவருவதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி. அறையில் வைக்க விட்டாலும் பொது இடத்தில் வாசிக்க விடாமல் இருக்கலாம். டிராவல் ஏஜெண்ட் வாயால் சொல்லும் "பிரச்சினை இல்லை"யை நம்பிக் கிளம்பாதீர்கள். இன்றே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். மரத்தாலும் தோலாலும் ஆன கை மத்தளம், உறையோடு இத்தனை அங்குல நீளம், ஒலிபெருக்கி கிடையாது, வாசிப்பவர் பெரியவர், காலையில் அரை மணி நேரம் வாசிக்க ஓர் இடம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு படத்தையும் இணையுங்கள். வந்த பதிலை அச்செடுத்து டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலைப் படித்தவர் ஓர் ஆள், நீங்கள் கப்பல் ஏறும் புலாவ் இண்டா முனையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்பவர் இன்னோர் ஆள். அந்த நேரத்தில் பேச வேண்டியது காகிதம்தான்.

மாப்பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் கையில் பிடித்துத் தட்டும் சின்னக் கஞ்சிராவைச் சொல்கிறார். ஆனால் அதில் அவருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. பழைய கஞ்சிராவில் இழுத்துக் கட்டியிருப்பது பெரும்பாலும் உடும்புத் தோல். இந்தியாவிலிருந்து வரும் கஞ்சிராவில் வழக்கமாக இருக்கும் உடும்பு இனம், அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புக்கெட்டில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நீங்கள் எல்லை தாண்டித்தான் போகிறீர்கள். ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் போட்ட கஞ்சிரா என்றால் தாராளமாக எடுத்துப் போகலாம். தோல் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வீட்டிலேயே இருக்கட்டும்.

மிருதங்கம் பலா மரமும் மாடு, ஆட்டுத் தோலும். அதில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் எந்த மிருதங்கம்? அப்பாவிடம் இரண்டு இருந்தால் சுமாரானது வரட்டும். ஒன்றே ஒன்றுதான், அதுவும் குரு கொடுத்தது, ஊரிலிருந்து செய்து வாங்கியது என்றால், பஜனைக் குழுவில் யாரிடமாவது நட்டு போல்ட்டு போட்ட மிருதங்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தோலை இறுக்கும் வார் இழுக்க ஆள் தேட வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரையும், சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் பற்றி மின்னஞ்சலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஸ்கேனரில் கல்லைப் பார்த்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

முனையத்தில் பெட்டிகளை வாங்கி இரும்புக் கூண்டு வண்டியில் அடுக்கிவிடுவார்கள். சாயங்காலம் போல அறை வாசலுக்கு வந்து சேரும். அந்த வண்டியில் மிருதங்கம் ஏறவே கூடாது. கையோடு கொண்டு போகட்டும். உங்கள் ஊரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் வழியில் சாப்பிட இறங்கினால்கூட காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் நம் ஊர் வெயில் ஏறினால் தோல் விறைத்து, வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், கரணை எனும் கறுப்புப் பூச்சு வெடித்துவிடும். அதை மறுபடி போட இந்த நாட்டில் நல்ல கைகள் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கப்பலில் ஏறிய பிறகு குளிரும் ஈரமும் மாறி மாறி வரும். ஏர்கான் அறையில் தோல் காய்ந்து சுருதி ஏறும். திறந்த தளத்துக்குக் கொண்டுபோனால் கடற்காற்றின் ஈரத்தில் இறங்கும். ஆகவே மேல்தளத்தில் வாசிக்கும் ஆசையை அப்பா விட்டுவிடட்டும். பால்கனியிலும் வேண்டாம். பக்கத்து பால்கனிக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகைதான், சத்தம் அப்படியே போகும். ஏர்கான் காற்று நேராகப் படாத மூலையில், உறைக்குள், படுக்கவைத்து, கப்பல் ஆடினால் உருளாதபடி இரண்டு தலையணை அண்டைக் கொடுத்து வையுங்கள்.

அடுத்தது தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு, ரவை. வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து இடந்தலையில் அப்ப வேண்டும், முடிந்ததும் சுரண்டி எடுக்க வேண்டும். வெளியிலிருந்து சமைக்காத உணவுப் பொருள் கொண்டுவர அநேகக் கப்பல்களில் விடமாட்டார்கள். அதற்கு வழி இருக்கிறது. வடநாட்டு மத்தளமான பக்காவஜில் இதே வேலைக்குக் கோதுமை மாவைத்தான் பிசைந்து ஒட்டுகிறார்கள். கப்பல் சமையல்காரர்களிடம் ஒரு பிடி ரொட்டி மாவு கேட்டுப் பாருங்கள். இந்தியச் சாப்பாடு போடும் கப்பலாக இருந்தால் விஷயம் சொன்னதும் புரிந்துகொள்வார்கள். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, நடுவில் வட்டமாக அப்பி, கும்கி எனும் கனத்த நாதம் வருகிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். ரவையைவிடக் கோதுமை மாவு இழுவை அதிகம், அதனால் சற்றுக் குறைவாகவே வைக்கலாம். வாசித்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். மறந்தால் மறுநாளே புளிக்கும்.

இனி எங்கே, எப்போது. அறையில் வாசிக்கவே கூடாது என்பது என் கருத்து. கப்பல் அறைச் சுவர் மெல்லிய தகடு. தொப்பியின் அடி தரை வழியாகவே பக்கத்து அறைக்குப் போய்விடும். பக்கத்தில் கைக்குழந்தை இருக்கலாம், இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூங்கும் ஊழியர்கூட இருக்கலாம். அவர்களால் எழுந்து வேறு வீட்டுக்குப் போக முடியாது. விடியற்காலைச் சாதகத்தை விட முடியாது என்று அப்பா சொன்னால், சொல்லாக வரட்டும்: தகதிமி தகஜணு, தாழ்ந்த குரலில், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. விரல் பயிற்சிக்குத் தலையணை இருக்கிறது. சுருதிக்குக் கைப்பேசியே போதும். சுருதிப் பெட்டியும் அதற்கு நீட்டிப்பு ஒயரும் எடுத்துப் போக வேண்டாம், அந்த ஒயர்களைப் பல கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வாசிக்க நல்ல நேரம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. புக்கெட்டில் பாதிப் பேர் இறங்கிப் போன பகல் நேரம் அதைவிட நல்லது. இரவில் பாட்டும் ஆட்டமுமாக இருக்கும் கூடங்கள் அப்போது காலியாகக் கிடக்கும். வரவேற்பு மேசையில் கேட்டு ஒரு மூலையை வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் ஏற வேண்டாம். அது அங்கே சம்பளத்துக்கு வாசிக்கும் கலைஞர்களின் வேலை இடம். மது பரிமாறும் கூடத்தில் சாமி பாட்டு வேண்டாம் என்று அப்பா நினைத்தால் அதையும் மதியுங்கள். சீட்டு விளையாடும் அறை, நூல் அறை என்று வேறு இடங்கள் இருக்கும். கீழே உட்கார ஒரு ஜமுக்காளம் எடுத்துப் போங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் அவருக்குக் கால் நிலைக்காது.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. திருமண நாள் இருவருக்கும்தானே. எந்தப் பாட்டுக்கு அப்பா வாசிக்க வேண்டும் என்று அம்மாவிடமே கேளுங்கள். அவர் பாடக்கூடியவராக இருந்தால் பாடட்டும், பேரப்பிள்ளைகள் தாளம் போடட்டும். அரை மணி நேரம் போதும்.

திரும்பி வந்ததும் உடனே வார் இழுக்கக் கிளம்பிவிடப் போகிறார், தடுத்துவையுங்கள். வீட்டு வெக்கைக்குத் தோல் பழக நாலைந்து நாள் ஆகும். அதற்குப் பிறகும் சுருதி நிற்கவில்லை என்றால்தான் கை வைக்க வேண்டும்.