குப்பர்டினோவுக்கு 4,588 வீடு: எங்கிருந்து வந்த கணக்கு?

கலிபோர்னியாவுல இருக்கிற குப்பர்டினோ பத்தி, "சின்ன ஊருக்கு எதுக்கு 4,588 வீடு? நகராட்சியே கட்டப்போகுதா?"ன்னு கேட்டிருக்கீங்க. நகராட்சி கட்ட வேண்டியதில்லை. அத்தனை வீடு கட்ட இடம் கொடுக்கிற மாதிரி மனை விதிகளை மாத்தணும், அதுதான் அதன் கடமை.

கலிபோர்னியா வீட்டுவசதித் துறை சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுமைக்கும் 2023–2031க்கு 4,41,176 வீடுன்னு ஒரே எண்ணைக் கொடுத்தது. ஊர் ஊரா அதைப் பங்கு போட்டது 'ஏபேக்' (ABAG), அதாவது அந்தப் பகுதி உள்ளாட்சிகளோட கூட்டமைப்பு. அதுல குப்பர்டினோவோட பங்குதான் 4,588. பக்கத்துல வேலை இருக்கா, நல்ல பள்ளி இருக்கான்னு பார்த்தாங்க. ஆப்பிள் தலைமையகத்தை மடியில வச்சிருக்கிற ஊர் எப்படித் தப்பும்? (போன சுற்றுல வெறும் 1,064!)

இந்த 4,588ம் நாலு வருமானப் பிரிவாப் பிரியும். உங்க தெரு மாறுமான்னு தெரியணும்னா, நகராட்சியோட வீட்டுவசதித் திட்டத்துல இருக்கிற மனைப் பட்டியலைப் பாருங்க.