பொடியன்ட கோவம், பிள்ளைட மனச்சோர்வு: கேள்வி பதில்

களுவாஞ்சிகுடியில் ஒரு அம்மா: மகனுக்கு 15 வயசு. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறான். ரியூசனுக்கெண்டு வெளிக்கிட்டு வாவிக்கரையில நிக்கிறான். அழுறதேயில்ல. இது மனச்சோர்வா, கொழுப்பா?

பதில்: அம்மா, இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். அந்தக் கோபம் இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக நாள் முழுக்க நிற்கிறதா? தூக்கம், சாப்பாடு மாறிவிட்டதா? ஆசையாக விளையாடிய கிரிக்கெட்டையும் விட்டுவிட்டானா? இவற்றுக்கு ஆம் என்றால், அடியும் ஏச்சும் அவனை இன்னும் ஒதுங்கத்தான் வைக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அதற்கு முதல் ஒரு வேலை. தனியாக இருக்கும்போது, "சாகலாம் போல இருக்கா மகன்?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஓம்" என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் கிடந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். பல உயிர்கள் ஒரு நிமிட ஆத்திரத்தில் போயிருக்கின்றன. கையெட்டும் தூரத்தில் நஞ்சு இருந்ததுதான் காரணம். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் பேசலாம்.

அக்கரைப்பற்றில் ஒரு ஆசிரியர்: வகுப்பில் ஒருவன் ஓயாமல் அடிதடி. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: சேர், எந்த வயதில் தொடங்கியது என்று முதலில் விசாரியுங்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வை வைத்து, உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் இரண்டு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். சின்ன வயதிலேயே தொடங்கி விடாமல் நீள்வது ஒன்று. வன்முறை, வேலை நிலைக்காமை, குடும்பச் சிக்கல் என்று அது பெரிய வயதிலும் தொடரக்கூடும். பதின்வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து வருவது மற்றது, பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் அதற்கிடையில் படிப்பை விட்டாலோ, போதைக்குப் பழகினாலோ, பொலிஸ் வழக்கில் மாட்டினாலோ அவனுக்கும் திரும்பி வருவது கஷ்டம். ஆகவே பாடசாலையை விட்டு நிறுத்த மட்டும் வேண்டாம்.

காத்தான்குடியில் ஒரு வாப்பா: மகளுக்கு மனச்சோர்வுக்கெண்டு புளுஒக்செடின் குளிசை தந்தாங்க. பத்து நாளாச்சு, ஒரு மாத்தமும் இல்ல. நிப்பாட்டவா?

பதில்: வேண்டாம் நானா. குணம் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப்பலனுக்கு இன்னும் கூட. ஆனால் தொடக்க வாரங்களிலும் அளவைக் கூட்டும்போதும் மகளைக் கவனியுங்கள்: இருப்புக் கொள்ளாத பதற்றம், தூங்காமை, சாவைப் பற்றிய பேச்சு கண்டால் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. குளிசை உங்கள் கையில் இருக்கட்டும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டிவரும். நிறுத்துவதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

திருக்கோவிலில் ஒரு அக்கா: தம்பிக்கு 17 வயசில மனச்சோர்வும் சண்டையும் சேர்ந்தே இருந்தது. இப்ப 24. கலியாணம் முடிச்சு வச்சா சரியாகுமா?

பதில்: ஆகாது. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் இளவயதில் சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களை 20 வருடங்களின் பின் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. நடத்தைப் பிரச்சினையும் சேர்ந்திருந்தவர்களுக்கு வேலையிலும் உறவுகளிலும் கூடுதலான சிக்கல். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: சோர்வுக்குச் சிகிச்சை, கோபத்துக்கு உளவளத்துணை, கையில் ஒரு நிலையான தொழில். பெண் பார்ப்பதாக இருந்தால் மறைக்காதீர்கள். நித்திரை குழம்புவது, ஆட்களைத் தவிர்ப்பது என்று அவருக்கு முதலில் வரும் அறிகுறிகளை வரப்போகிறவரும் தெரிந்திருந்தால், நேரத்தோடு கிளினிக்குக் கூட்டிவர முடியும்.