லினக்ஸ் மின்ட்: பலமும் பலவீனமும் – கேள்வி பதில்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட் அன்றாட வேலைக்கு எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நான் பல வருடங்களாக மின்ட்தான் பயன்படுத்துகிறேன், கேட்பவர்களுக்கு நிறுவியும் கொடுக்கிறேன். சர்வரும் கேமிங்கும் என் துறை இல்லை.

கேள்வி: அண்ணா, விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. என் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இல்லை, அதனால் 11 ஏறாது. ராம் 4 ஜிபிதான். மின்ட் ஓடுமா?

ஓடும். மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்பதுதான் அவர்களே சொல்லும் கணக்கு. ராமைத் தின்பது பிரவுசர். இருபது டேப் திறந்து வைத்தால் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டாலும் இழுக்கத்தான் செய்யும். உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரிலும் மைக்கிலும் ஒலி சரியா, மூடியை மூடித் திறந்தால் எழுந்துகொள்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா? இந்த நாலும் சரியென்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்வதாக இருந்தால், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரிவுகளில்) கைவைத்த பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: மின்ட்டின் டெஸ்க்டாப்புகளான சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ மூன்றில் எது?

சின்னமன். மின்ட் குழு தானே உருவாக்கும் டெஸ்க்டாப் அது, புது வசதிகள் முதலில் அதற்குத்தான் வரும். கணினி ரொம்பப் பழசு, ராம் 2 ஜிபி என்றால் மட்டும் எக்ஸ்எஃப்சிஇ.

கேள்வி: மின்ட் என்பது உபுண்டுவுக்கு வேறு தீம் போட்டதுதானே? அதில் தனியாக என்ன பலம் இருக்கிறது?

அடித்தளம் உபுண்டு என்ற டிஸ்ட்ரோவுடையது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. 2014-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு பதிப்புகளின் மேல் மட்டுமே மின்ட் கட்டப்படுகிறது. மின்ட் 22 நிற்பது உபுண்டு 24.04-இன் மேல், 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

அதற்கு மேல் அவர்கள் செய்வதுதான் விஷயம். 2011-இல் க்னோம் டெஸ்க்டாப்பின் 3-ஆம் பதிப்பு வந்து, வேலை செய்யும் முறையையே மாற்றியது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, திறந்திருக்கும் விண்டோக்களின் வரிசை என்று பழகியவர்கள் திண்டாடினார்கள். மின்ட் குழு அந்தப் பழைய அமைப்பை விட்டுக்கொடுக்காமல் சின்னமனை உருவாக்கியது. இன்றுவரை அந்த அடிப்படை மாறவில்லை. நான் நிறுவிக் கொடுத்தவர்களில் கணினிப் பழக்கம் குறைவாக உள்ளவர்கள் நிறையப் பேர். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு "பட்டன் எங்கே போச்சு?" என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கு இதைவிடப் பெரிய பலம் எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று அப்டேட் மேனேஜர். பட்டையின் ஓரத்தில் கேடயம் மாதிரி ஒரு சின்ன ஐகான் இருக்கும். திருத்தம் வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். வேலைக்கு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. திறந்தால் எது பாதுகாப்புத் திருத்தம், எது சாதாரணத் திருத்தம், எது கெர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி) என்று பிரித்துக் காட்டும். புதுக் கெர்னல் வந்தாலும் முந்தையது அழிவதில்லை. புதியது உங்கள் வைஃபையைக் கெடுத்துவிட்டால், கணினி தொடங்கும்போது க்ரப் என்ற தொடக்க மெனுவில் கூடுதல் தெரிவுகளுக்குப் போய் முந்தைய கெர்னலில் நுழைந்துவிடலாம்.

கேள்வி: சார், நான் டைம்ஷிப்ட் போட்டு வைத்திருக்கிறேன். இனி பேக்கப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சரிதானே?

சரியில்லை. தயவுசெய்து இதை எல்லாரும் படியுங்கள். டைம்ஷிப்ட் என்பது சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாக, அதாவது நகலாக, எடுத்துவைக்கும் கருவி. அது காப்பது சிஸ்டத்தை. உங்கள் படங்கள், ஆவணங்கள் இருக்கும் ஹோம் கோப்புறையை அது இயல்பாகவே விலக்கிவிடும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்: நேற்றைய நிலைக்கு சிஸ்டத்தைத் திருப்பும்போது இன்று நீங்கள் எழுதிய கட்டுரை காணாமல் போகக் கூடாது அல்லவா? போதாததற்கு, பெரும்பாலோர் ஸ்னாப்ஷாட்டையும் அதே டிஸ்க்கில்தான் வைக்கிறார்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கோப்புகளுக்கு வெளியே ஒரு டிரைவ் வேண்டும், அது தனி வேலை.

கேள்வி: குறைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள் ஐயா.

பெரிய குறை, புத்தம் புதிய ஹார்டுவேர். இந்த வருடம் வந்த மடிக்கணினியின் வைஃபை சிப், கிராஃபிக்ஸ், கைரேகை உணரி இதெல்லாம் புதுக் கெர்னலைக் கேட்கும். மின்ட் 22 வந்தது 6.8 கெர்னலோடு, 22.2-இல்தான் 6.14 வந்தது. அந்த இடைவெளியில் வாங்கிய கணினி ஏதாவது ஒன்றில் மக்கர் பண்ணலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நானே ஃபெடோரா டிஸ்ட்ரோவைத்தான் சொல்வேன்.

அடுத்து, திரை. திரையில் காட்டும் வேலைக்குச் சின்னமன் இன்னும் பழைய எக்ஸ்11-ஐ நம்பித்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் 21.3-உடன் அதற்கு மாற்றான வேலாண்ட் வந்தது, ஆனால் சோதனை நிலையில். க்னோம், கேடிஇ ஆகிய மற்ற டெஸ்க்டாப்புகள் இதில் எவ்வளவோ முன்னால் போய்விட்டன. ஒரு 4கே திரையையும் ஒரு சாதாரண திரையையும் சேர்த்து, இரண்டுக்கும் வெவ்வேறு அளவில் எழுத்து வைக்கப் பாருங்கள், குறை என்னவென்று புரியும்: ஒன்றில் எழுத்து மங்கும், அல்லது விண்டோவை நகர்த்தும்போது இழுபடும். எச்டிஆர் (திரையில் கூடுதல் வெளிச்ச, நிற வீச்சு) வேண்டுபவர்கள் மின்ட் பக்கமே வர வேண்டாம்.

மென்பொருள் பதிப்புகளும் பழசாகத்தான் இருக்கும். படத் திருத்தியான கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். மின்ட் 22-இன் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பது 2.10. புதியது வேண்டுமென்றால் பிளாட்பேக்காக (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் பேக்கேஜ் வடிவம்) போட்டுக்கொள்ளலாம். கண்ட பிபிஏ-வை (வெளியாட்கள் நடத்தும் களஞ்சியம்) மட்டும் சேர்க்காதீர்கள். பெரிய பதிப்புக்கு மாறும்போது பாதியில் நிற்பதற்கு நான் பார்த்த அளவில் முதல் காரணம் அதுதான்.

கேள்வி: அண்ணா, புதியவன். சின்னமனா எக்ஸ்எஃப்சிஇயா?

மேலே சொல்லியிருக்கிறேன். சின்னமன்.

கேள்வி: ஸ்னாப்பை மின்ட் தடுத்து வைத்திருப்பது பயனரின் சுதந்திரத்தில் தலையிடுவது இல்லையா? எனக்கு எது வேண்டுமென்று அவர்கள் எப்படி முடிவு பண்ணலாம்?

நல்ல கேள்வி. ஸ்னாப் என்பது உபுண்டுவை நடத்தும் கேனானிக்கல் நிறுவனத்தின் பேக்கேஜ் முறை, டெப் என்பது உபுண்டுவும் மின்ட்டும் வழக்கமாகப் பயன்படுத்துவது. நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். உபுண்டு 20.04-இல் குரோமியம் பிரவுசரின் டெப் பேக்கேஜ் வெறும் கூடாக மாற்றப்பட்டது. டெப் பேக்கேஜுகளை நிறுவும் ஆப்ட் மூலம் குரோமியம் கேட்டால், அது பின்னணியில் ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டியை இறக்கி, ஸ்னாப்பாகக் குரோமியத்தைப் போடும். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. அதே வருடம் வந்த மின்ட் 20 இதைத் தடுத்தது. தடுத்த விதத்தையும் பாருங்கள்: ஆப்டின் முன்னுரிமைக் கோப்புறையில் நோஸ்னாப் என்று ஒரு கோப்பு. விளக்கக் குறிப்புகளை விட்டால் மூன்றே வரி. பேக்கேஜின் பெயர் ஸ்னாப்டி, எந்தக் களஞ்சியமானாலும், முன்னுரிமை மைனஸ் 10 (நிறுவாதே என்று பொருள்). அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஸ்னாப்டியை நிறுவினால் ஸ்னாப் ஓடும். அது மின்ட்டின் பயனர் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் வரக் கூடாது என்பதுதான் ஏற்பாடு, நீங்களாகக் கேட்டால் தடை இல்லை.

முன்பு கேட்டவர்: ஆனால் பிளாட்பேக்குக்கும் எல்லாரும் பிளாட்ஹப் என்ற ஒரே களஞ்சியத்தைத்தானே நம்புகிறோம்? இரண்டும் ஒரே கடைதான்.

இல்லை. பிளாட்பேக்கில் யார் வேண்டுமானாலும் களஞ்சியம் வைக்கலாம். ஃபெடோரா தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது, மின்ட்டிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்னாப்பின் கடையை நடத்துவது கேனானிக்கல் ஒன்றுதான், அந்தச் சர்வர் மென்பொருளின் மூலநிரல் திறந்ததும் இல்லை. ஒரு திறமூல டிஸ்ட்ரோவில் மென்பொருள் வரும் ஒரே வாசல் மூடிய நிரலில் இருப்பதை என்னால் ஏற்க முடியாது.

முன்பு கேட்டவர்: பாதுகாப்பை மறந்துவிட்டீர்கள். டெப் பேக்கேஜின் நிறுவல் ஸ்கிரிப்ட் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடுகிறது. ஸ்னாப் ஒவ்வொன்றையும் தனி வேலிக்குள் அடைக்கிறது. எது மேல்?

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கிய டெப்பைவிட, வேலிக்குள் ஓடும் ஸ்னாப் பாதுகாப்பானதுதான். டெர்மினல் கருவிகளையும் சர்வர் மென்பொருளையும் ஸ்னாப்பாகக் கொடுக்க முடியும், பிளாட்பேக் பெரும்பாலும் டெஸ்க்டாப் செயலிகளோடு நின்றுவிடுகிறது. இதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளாட்பேக்குக்கும் வேலி இருக்கிறது. மின்ட் 22-இலிருந்து, சரிபார்க்கப்படாத பிளாட்பேக்குகளை மென்பொருள் மேலாளர் இயல்பாகக் காட்டுவதும் இல்லை. வேலி இருக்கிறதா என்பதல்ல என் கவலை, யார் அனுமதியோடு அது உள்ளே வந்தது என்பதுதான்.

இன்னொருவர்: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப்பாக மாற்றியதில் மோசில்லாவுக்கும் சம்மதம்தானே? அவர்களே ஒத்துக்கொண்ட பிறகு மின்ட்டுக்கு என்ன?

ஆமாம், மோசில்லாவும் சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆனால் 2022 ஜனவரியில் மின்ட்டும் மோசில்லாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்கள் கட்டிய ஃபயர்ஃபாக்ஸையே டெப்பாகக் கொடுக்க ஆரம்பித்தது. உபுண்டு 24.04-இல் தண்டர்பேர்ட் ஸ்னாப்பானபோதும் மின்ட் 22 அதை டெப்பாகவே கொடுத்தது. குரோமியத்தையும் தானே கட்டுகிறது. தடுப்பதோடு நிற்காமல் மாற்றையும் தருகிறார்கள், அந்த உழைப்பைக் கணக்கில் எடுங்கள். இந்த வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்டீமில் எந்த டிஸ்ட்ரோவில் அதிக எஃப்பிஎஸ் கிடைக்கும்?

கேமிங் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் எது போடலாம்?

வேண்டாம். திருத்தங்களை உடனுக்குடன் போடுங்கள், கண்ணில் பட்ட கட்டளையையெல்லாம் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: என்விடியா கார்டு. பென்டிரைவிலிருந்து தொடங்கினால் கறுப்புத் திரை மட்டும் வருகிறது.

தொடக்க மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, 'பரிந்துரைக்கப்பட்டது' என்று காட்டும் டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) இயங்கிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை தொடங்கும்போது ஒரு நீலத் திரை வரும். பலர் பயந்துபோய் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். அதில் 'என்ரோல் மோக்' (டிரைவரின் சாவியைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவர் ஏறும்.

கேள்வி: தமிழ்99-இல் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும், நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். எக்ஸ்11-இலேயே இருங்கள், சின்னமனின் வேலாண்டில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

கேள்வி: விண்டோஸுக்கும் மின்ட்டுக்கும் மாறி மாறிப் போனால் கடிகாரம் தப்பாகிறது.

விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதையே யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்றினால் தீர்ந்தது. கையோடு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் (விண்டோஸ் முழுதாக அணையாமல் நிற்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த டிரைவை மின்ட்டில் திறக்கும்போது எழுத விடாது.

கேள்வி: கேனானிக்கல் நாளைக்கே உபுண்டுவை வேறு பக்கம் திருப்பினால் மின்ட்டின் கதி?

அதற்காகவே எல்எம்டிஇ வைத்திருக்கிறார்கள், உபுண்டுவுக்கே அடித்தளமான டெபியன் மேல் நேரடியாகக் கட்டிய மின்ட். எல்எம்டிஇ 7 டெபியன் 13-இன் மேல் நிற்கிறது. சின்னமன் மட்டும்தான் உண்டு, பிபிஏ கிடையாது. பார்வைக்கும் பழக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: லேசான எடிஷன் எது? டைம்ஷிப்ட் இருந்தால் ஃபோட்டோவெல்லாம் பத்திரம்தானே?

இரண்டுக்கும் மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கேளுங்கள். ஃபோட்டோ பத்திரம் இல்லை, இன்றைக்கே வெளி டிரைவில் நகல் எடுங்கள்.

கேள்வி: மின்ட்டின் தளத்தையே யாரோ ஹேக் பண்ணியதாகப் படித்தேன். நம்பலாமா?

நடந்தது உண்மை. 2016 பிப்ரவரி 20 அன்று தளத்துக்குள் புகுந்து, 17.3 சின்னமனின் இறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். குழு மறைக்கவில்லை, உடனே அறிவித்துத் தளத்தை இறக்கிவைத்தது. இன்று நீங்கள் செய்ய வேண்டியது, ஐஎஸ்ஓவோடு எஸ்எச்ஏ256 (ஐஎஸ்ஓவின் கைரேகை போன்ற எண்) கோப்பையும், அது மின்ட் குழுவுடையதுதான் என்று காட்டும் ஜிபிஜி கையொப்பத்தையும் சேர்த்து இறக்குவது. வெறும் எஸ்எச்ஏ256 போதாது, தளத்தை மாற்றியவன் அந்த எண்ணையும் மாற்றியிருப்பான். கையொப்பத்தை முதலில் சரிபாருங்கள், அப்புறம் எண்ணை. ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஐஎஸ்ஓவை அழித்துவிட்டு வேறு மிரரிலிருந்து (நகல் தளம்) இறக்குங்கள்.