‘லா டாம் ஓ கமேலியா’வைத் தழுவிய படங்களில் நாவலுக்கு நெருக்கமானது எது?

1936இல் ஜார்ஜ் கியூக்கர் இயக்கி கிரெட்டா கார்போ நடித்த ‘கமீல்’ படத்தைத்தான் பலரும் சொல்வார்கள். நல்ல படம், கட்டாயம் பாருங்கள். ஆனால் முடிவில் அது நாவலை விட்டு விலகிவிடுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா (மகன்) 1848இல் எழுதிய அந்தக் கதை, நாயகியான பாரிஸ் கணிகை மார்கரீத் இறந்த பிறகுதான் தொடங்குகிறது. கடனுக்காக அவள் வீட்டுச் சாமான்கள் ஏலம் போகின்றன. கதைசொல்லி அங்கே ஒரு புத்தகத்தை 100 பிராங்குக்கு எடுக்கிறான். அதில் அவளுடைய காதலன் அர்மான் அவளுக்கு எழுதிக் கொடுத்த ஒரு வரி இருக்கிறது. சில நாள் கழித்து அர்மானே அந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறான். அவள் சாகும்போது அவன் பக்கத்தில் இல்லை. படுக்கையில் கிடந்தபடி அவனுக்காக அவள் எழுதி வைத்த பக்கங்கள்தான் அவனுக்குக் கிடைக்கின்றன. கடைசியில் பேனா பிடிக்கவும் முடியாமல் போக, தோழி எழுதி முடிக்கிறாள். அந்த இடத்தை என்னால் இன்றும் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை.

பிறகு டூமாவே இதை நாடகமாக்கினார். 1852இல் பாரிசில் மேடையேறிய அந்த நாடகத்தில் அர்மான் கடைசி நேரத்தில் ஓடி வந்துவிடுகிறான். அடுத்த ஆண்டு வந்த வெர்டியின் ‘லா திராவியாத்தா’ ஓபராவிலும் அப்படித்தான். கார்போவும் காதலன் கைகளிலேயே உயிரை விடுகிறார்.

அந்தப் படத்தில் என்னை உலுக்கியது வேறு காட்சி. வீட்டுக்குள் மார்கரீத்தைப் பணம் கொடுத்து வைத்திருக்கும் பிரபு பியானோ வாசிக்கிறான், வாசலில் அர்மான் மணியடிக்கிறான். யாரென்று பிரபு கேட்க, ‘என் வாழ்க்கையின் பெரிய காதலாக இருக்கலாம்’ என்கிற மாதிரி உண்மையையே விளையாட்டாகச் சொல்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். வாசிப்பு வேகமெடுக்க, சிரிப்பும் கூடவே ஏறுகிறது. கதவு திறக்கவே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பதில் 1921இல் வந்த மௌனப் படம். நசிமோவாவும் வாலண்டினோவும் நடித்தது. கதையை அன்றைய நவீன பாரிசுக்கு மாற்றியிருப்பார்கள். வளைவு வளைவான அரங்குகளும் நசிமோவாவின் நடிப்பும் இப்போது மிகையாகத் தெரியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் அர்மான் வருவதில்லை. அவன் தந்த புத்தகத்தோடுதான் அவள் சாகிறாள்.