கிழங்கு முதலில், முட்டை பிறகு: ஃப்ரிட்டாட்டா கேள்வி பதில்

உருளைக்கிழங்கும் வாசனை இலைகளும் சேர்த்து ஓவனில் சுடும் இத்தாலிய முட்டை உணவு ஃப்ரிட்டாட்டா. அதைச் செய்து பார்த்தவர்களும் செய்ய நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் எடுக்கும் அளவு: 22 சென்டிமீட்டர் சட்டிக்கு 6 முட்டை, 350 கிராம் உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், 3 மேசைக்கரண்டி பால், துருவிய சீஸ் 40 கிராம், நறுக்கிய இலை ஒரு கைப்பிடி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி.

கேள்வி: இது தடித்த ஆம்லெட்தானே?

பதில்: முட்டை ஒன்றுதான், வேகும் விதம் வேறு. ஆம்லெட் பெரிய தீயில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஃப்ரிட்டாட்டா மடிக்கப்படாமல், நிதானமாக வேகும். இத்தாலிய மொழியில் 'பொரித்தல்' என்ற வினையிலிருந்து வந்த பெயர் இது. அடுப்பிலேயே ஒரு பக்கம் வேகவிட்டு, தட்டால் மூடிக் கவிழ்த்து, மறுபக்கம் வேகவைப்பதுதான் அங்கே பழைய வழக்கம். கவிழ்க்கப் பயமாக இருந்தால் ஓவன் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பச்சைக் கிழங்கை மெல்லியதாகச் சீவி முட்டைக் கலவையில் போட்டேன். முட்டை ரப்பராகிவிட்டது, கிழங்கோ நறுக்கென்று கடிபடுகிறது. இன்னும் நேரம் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எவ்வளவு நேரம் வைத்தாலும் இது சரியாகாது. முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுகத் தொடங்குகிறது. மஞ்சள் கருவுக்கு 65 முதல் 70 டிகிரி போதும். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோ 80 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாக இளகும். கிழங்கு மெத்தென்று ஆவதற்குள் முட்டை தன் பதத்தைக் கடந்துவிடும். எனவே கிழங்கு முழுதாக வெந்த பிறகே முட்டையைச் சந்திக்க வேண்டும்.

கிழங்கை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்து ஏழெட்டு நிமிடத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கும். வடித்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு பருத்தித் துணியில் பரப்பி, ஆவி அடங்கும்வரை காத்திருங்கள். பளபளவென்று ஈரமாக இருந்த வில்லை மங்கி, ஓரத்தில் மாவு பூத்தது போலத் தெரியும். அதன் பிறகு வெங்காயத்தோடு எண்ணெயில் ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைத்தவர்கள்தான் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள்.

கேள்வி: வெட்டியவுடன் தட்டில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. ஏன்?

பதில்: ஒன்று, கிழங்கிலோ இலையிலோ ஈரம் இருந்திருக்கிறது. இல்லையென்றால் முட்டை அதிகம் வெந்திருக்கிறது. சூடு கூடக் கூட முட்டையின் புரதம் இறுகி, தான் பிடித்துவைத்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். பாலைத் தாராளமாக ஊற்றினாலும் இதே கதைதான். 6 முட்டைக்கு 3 மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: எப்போது வெளியே எடுப்பது?

பதில்: 180 டிகிரியில் 15 நிமிடம் ஆனதும் பார்க்கத் தொடங்குங்கள். கைப்பிடியைப் பிடித்து மெல்ல அசைத்தால் ஓரம் அசையக்கூடாது. நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அளவு மட்டும் கெட்டித் தயிர் போலத் ததும்ப வேண்டும். அலையடித்தால் வேகவில்லை. எடுத்து வைத்த பிறகும் சட்டியின் சூட்டில் நடுப்பகுதி வெந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடம் தொடாதீர்கள். குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ கொடுப்பதென்றால் நடுவும் முழுதாக இறுகும்வரை விடுங்கள்.

கேள்வி: ஓவனுக்குள் அழகாக உப்பியது, வெளியே எடுத்ததும் அமுங்கிவிட்டது.

பதில்: அமுங்கத்தான் செய்யும். உள்ளே இருந்த நீராவி உப்பவைத்தது, ஆறியதும் இறங்குகிறது. முட்டையை நுரை பொங்க அடித்தால் இன்னும் உயர்ந்து இன்னும் அமுங்கும். வெள்ளையும் மஞ்சளும் கலக்கும்வரை முள்கரண்டியால் அடித்தால் போதும்.

கேள்வி: பார்ஸ்லி, பேசில் கிடைக்கவில்லை. துளசி போடலாமா?

பதில்: துளசி வேண்டாம், அதன் கிராம்புக் காரம் முட்டையை அமுக்கிவிடும். இத்தாலியர்களின் பேசிலும் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் தாவர வகையில் ஒன்றே, மணத்தில் மட்டும் சற்று வேறுபடும். பூக்காத கொழுந்தாகப் பறித்து நாலைந்து இலை போட்டுப் பாருங்கள். வெங்காயத் தாளும் கொஞ்சம் புதினாவும் மிக நன்றாகச் சேரும். ரோஸ்மேரி, தைம் போன்ற கடின இலைகளைக் கிழங்கோடு எண்ணெயில் போடுங்கள், மென்மையான இலைகளை முட்டையில் கடைசியாகக் கலக்குங்கள். எல்லா இலையையும் கழுவித் துடைத்த பிறகே நறுக்க வேண்டும்.

கேள்வி: ஓவன் இல்லை.

பதில்: அடிகனமான சட்டி, இறுக்கமான மூடி, மிகச் சிறிய தீ. சட்டிக்குக் கீழே ஒரு பழைய தோசைக்கல்லை வையுங்கள். 15 நிமிடத்துக்குப் பிறகு நடுவை அசைத்துப் பாருங்கள். மூடியில் கோக்கும் நீர் மேலே சொட்டாதபடி அவ்வப்போது துடைத்துவிடுங்கள். மேல்பக்கம் சிவக்காது, ருசி குறையாது.

கேள்வி: அடியில் ஒட்டுகிறது.

பதில்: சட்டி சூடாகி, எண்ணெய் பக்கவாட்டிலும் படர்ந்த பிறகே கலவையை ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள சட்டியை ஓவனில் வைக்காதீர்கள். இரும்புச் சட்டி என்றால், வெளியே எடுத்த கையோடு கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சூட்டை மறந்து வெறுங்கையால் பிடித்துவிடுவோம்.

கேள்வி: மறுநாள் மதிய உணவுக்கு வைக்கலாமா?

பதில்: தாராளமாக. இத்தாலியில் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வெளியில் சாப்பிடப் போகிறவர்கள் இதை ஆறிய பிறகே துண்டு போட்டு எடுத்துச் செல்வார்கள். சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், முட்டை மறுபடியும் இறுகிவிடும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தாலே போதும்.