பட்டியலை மனப்பாடம் செய்யலாமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. தேர்வு எழுதவிருக்கும் என் மகள், மூவாயிரம் ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறாள், மறுவாரமே மறந்தும்விடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பட்டியல் பழைய தேர்வின் எச்சம். சொல்லுக்குச் சொல் உறவு காட்டும் வினாக்கள் 2005-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. இந்தியாவில் 2023 முதல் கணினியில் நடைபெறும் தேர்விலோ, 25 முதல் 150 சொற்களுக்குள் அடங்கும் பத்தியைப் படித்து, அதன் போக்கிலிருந்தே பொருத்தமான சொல்லை உய்த்துணர வேண்டியிருக்கிறது.

அரிய சொற்களைவிட, தெரிந்ததாக நாம் எண்ணும் சொற்களே அதிகம் ஏமாற்றுகின்றன. ‘சாம்பியன்’ என்றதும் கோப்பை வென்றவர்தான் நினைவுக்கு வருவார். அது வினைச்சொல்லாக வந்தால், ஒரு கொள்கைக்காக முன்நின்று வாதாடுவதைக் குறிக்கும். ‘நாவல்’ பெயரடையாக வந்தால் புதியது என்று பொருள் (கொரோனாவை ‘நாவல் வைரஸ்’ என்றார்களே, அதே சொல்தான்).

நாளுக்குப் பத்துச் சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் அது இடம்பெற்ற வாக்கியத்தோடு அட்டையில் எழுதி, மறுநாளும், மூன்று நாள் விட்டும், ஒரு வாரம் கழித்தும் பொருளை மறைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ‘புளூபுக்’ செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்னொரு பட்டியலை வாங்கும் முன் அவற்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.