எந்தத் தாலமி?

கேள்வி: கிளியோபாட்ராவின் வம்சத்தில் வந்த தாலமி என்ற எகிப்து மன்னர், கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே நம் கொற்கையையும் முசிறியையும் குறித்து வைத்திருக்கிறார் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். வெளிநாட்டு அரசரே எழுதிவைத்திருப்பது எவ்வளவு பெரிய பெருமை! இதைப் பற்றி விரிவாகச் சொல்லுங்களேன். (வாசகர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் மாலை ஆள் மாறி விழுந்திருக்கிறது.

கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். ஜூலியஸ் சீசருக்குப் பிறந்ததாக அவர் சொல்லிவந்த மகன் சீசரியனும் (அவர் பெயரும் தாலமிதான், வரிசையில் 15-ஆவது) அதே ஆண்டு கொல்லப்பட்டார், எகிப்து ரோமாபுரியின் மாகாணமாகிவிட்டது. அப்புறம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் தாலமி மன்னர் எங்கிருந்து வருவார்? கொற்கையை எழுதியவர் கிளாடியஸ் தாலமி, அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அறிஞர். நாளும் நேரமும் போட்டு அவர் குறித்துவைத்த வான்காட்சிகள் கி.பி. 127-இலிருந்து 141 வரை ஓடுகின்றன. கடைசி மன்னர் செத்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிளாடியஸ் என்ற முன்பெயர் அவர் ரோமானியக் குடியுரிமை பெற்றவர் என்பதைக் காட்டுகிறது, அரச ரத்தத்தை அல்ல.

தாலமி என்பது பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. போர் என்ற பொருள் கொண்ட பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த சாதாரண ஆண் பெயர், மாசிடோனியாவில் புழங்கியது. அலெக்சாந்தரின் தளபதி ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்தது, எகிப்து அவர் கைக்குப் போனது, அதன் பிறகு அரியணையில் உட்கார்ந்த ஆண்கள் எல்லோரும் தாலமி. ஒன்று, இரண்டு என்று எண் போட்டதெல்லாம் பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள். அந்தக் காலத்து மக்கள் அடைமொழியை வைத்துத்தான் பிரித்தறிந்தார்கள், அதிலும் கேலிக்குக் குறைவில்லை: எட்டாமவரை அலெக்சாண்டிரியாக்காரர்கள் ‘தொந்திக்காரர்’ என்றார்கள், கிளியோபாட்ராவின் தகப்பனாருக்கு ‘குழலூதி’ என்று பெயர். காசுகளிலோ பெரும்பாலும் வெறுமனே ‘மன்னர் தாலமியுடையது’ என்றுதான் இருக்கும், பல காசுகளில் முகம்கூட வம்சத்தை ஆரம்பித்த முதலாமவருடையதுதான். இது எந்தத் தாலமி விட்ட காசு என்று நாணயவியலாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். வம்சத்துக்கு வெளியேயும் இந்தப் பெயர் போயிற்று. கிளியோபாட்ராவின் மகள் வயிற்றுப் பேரன் ஒரு தாலமி, வட ஆப்பிரிக்காவில் மௌரிதேனியாவை ஆண்டவர், கி.பி. 40-இல் ரோமப் பேரரசர் காலிகுலா அவரைக் கொன்றார்.

உங்கள் பேச்சாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தக் குழப்பத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது. 7-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்துப் பிஷப் இசிதோர் எழுதிய கலைக்களஞ்சியத்திலேயே வானியலாளர் தாலமி அலெக்சாண்டிரியாவின் மன்னராகிவிட்டார். வத்திக்கானில் ராஃபேல் தீட்டிய ‘ஏதென்ஸ் பள்ளி’ ஓவியத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள்: மஞ்சள் அங்கியில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் பூமி உருண்டையோடு ஒருவர் நிற்பார். அவர்தான் தாலமி. தலையில் கிரீடம்! வேடிக்கை என்னவென்றால், காலக்கணக்குக்காக அந்த மனிதரே பாபிலோனிய அரசர்களில் தொடங்கி ஒரு ராஜ வரிசை தொகுத்திருக்கிறார், அதில் எகிப்துத் தாலமிகள் எத்தனை வருஷம் ஆண்டார்கள் என்று வரும், கிளியோபாட்ராவுக்கு 22 வருஷம் என்று போட்டு அந்தக் கணக்கை முடித்துவிட்டு ரோமானியர்களுக்குப் போய்விடுவார்.

சரி, கொற்கைக்கு வருவோம். அவருடைய ‘புவியியல்’ நூல் ஏறக்குறைய 8,000 இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் போடுகிறது. அதில் முத்துக்குளிக்கும் வளைகுடாவில் ‘கொல்கோய்’ இருக்கிறது, ‘முசிரிஸ்’ இருக்கிறது, ‘கொமரியா’ முனை இருக்கிறது, ‘கபேரிஸ்’ என்ற வணிகத் துறை இருக்கிறது, பாண்டியோனின் தலைநகர் ‘மொதூரா’ இருக்கிறது. நாக்கில் ஒருமுறை உருட்டிப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். அவர் இங்கே வந்தவர் இல்லை. தமக்கு முன்னால் எழுதிய தீர் நகரத்து மரினஸையும், கப்பலில் போய்வந்தவர்கள் சொன்னதையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அதனால்தான் அவர் கணக்குப்படி வரைந்தால் இந்தியத் தீபகற்பம் கூர்மையே இல்லாமல் தட்டையாகக் கிடக்கும், இலங்கையோ பல மடங்கு ஊதிப்போயிருக்கும். ஆனால் ஊர்ப் பெயர்கள் பிசகவில்லை, ஏனென்றால் அவை மிளகும் முத்தும் வாங்கியவர்களின் வாயிலிருந்து வந்தவை. ராஜா எழுதினால்தான் பெருமை என்கிறீர்கள், என்னைக் கேட்டால் யாரையும் புகழ வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கணக்காளர் எழுதியதுதான் அதைவிடக் கனமான சாட்சி.

இல்லை, மன்னர் தாலமிதான் வேண்டும் என்றால் அதற்கும் ஒருவர் உண்டு, இரண்டாம் தாலமி. செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தைத் தன் தாயின் பெயரில் கட்டியவர். பின்னாளில், ரோமானியர் காலத்தில், நம் பக்கத்து மிளகு அங்கேதான் இறங்கியது: அகழாய்வில் ஒரு கோயில் வளாகத்தில் இந்தியப் பானைக்குள் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது, தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடும் கிடைத்தது. அதைவிட முக்கியம் அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டு. தம்மம் பரவிய நாடுகளைச் சொல்லும் இடத்தில் ‘துரமய’ என்று ஒரு யவன அரசர் வருகிறார், அவர் இந்த இரண்டாம் தாலமிதான், அந்தப் பட்டியல் முடிந்த கையோடு தெற்கே சோழர், பாண்டியர், தாமிரபரணி (உங்கள் ஊர் ஆறு அல்ல, இலங்கை என்பதே பெரும்பாலோர் கருத்து) வரை என்று போகிறது. தாலமியும் பாண்டியரும் ஒரே பாறையில், அதுவும் அடுத்தடுத்து!

இதை மேடையில் சொல்லச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. அதே பட்டியலில் ‘அலிகசுதர’ என்றும் ஒரு பெயர் வரும், அதை மாவீரர் அலெக்சாந்தர் என்று சொல்லிவிட வேண்டாம். அலெக்சாந்தர் கி.மு. 323-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அசோகர் பட்டத்துக்கு வர இன்னும் 50 வருஷத்துக்கு மேல் இருந்தது. அவர் வேறு அலெக்சாந்தர்.